சாகசப் பந்தயத்தில் முதல் அடி

உத்தியோகத்தின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு தனிப் பிரச்சினை. ஊரில் இருந்தால் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஏதேனும் ஒன்று நம்மை வீட்டிலிருந்து வெளியே இழுத்துச் செல்லும். தில்லியிலோ, புணேயிலோ, கொல்கத்தாவிலோ அவ்வாறு அழைப்பார் குறைவு. காலையில் பத்திரிகை, பகலில் உறக்கம், மாலையில் கடைத்தெரு என்று அந்த நாள் கழிந்துவிடுகிறது. நாற்பதைக் கடந்தபின் வைத்தியர் "நடக்க வேண்டும்" என்கிறார். நாமும் குடியிருப்பின் பூங்காவை நான்கு முறை சுற்றிவந்து, கடமை தீர்ந்தது என்று அமர்ந்துவிடுகிறோம்.

அவ்விதம் தில்லியில் ஒரு பூங்காவைச் சுற்றிக்கொண்டிருந்த நாங்கள் நால்வர், சில ஆண்டுகளுக்கு முன், சாகசப் பந்தயம் என்னும் விளையாட்டில் புகுந்தோம். புகுந்த கதை பெருமைக்குரியதன்று. முதற் பந்தயத்தில் எல்லைக் கோட்டைக் காணாமலே திரும்பினோம். ஆயினும் அன்று கற்ற பாடம் ஒன்று எங்களுக்கு இன்றளவும் உதவிவருகிறது. அப்பாடத்தையும், இவ்விளையாட்டைப் புதிதாகத் தொடங்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியவற்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பந்தயத்தின் இலக்கணம்

சாதாரண ஓட்டப் பந்தயத்தில் பாதை வகுக்கப்பட்டிருக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் அம்புக்குறி இருக்கும். ஓடுவது ஒன்றே நம் வேலை. சாகசப் பந்தயத்தில் அத்தகைய பாதை கிடையாது. புறப்படும் வேளையில், அல்லது அதற்குச் சற்று முன்னர், அணியின் கையில் ஒரு நிலப்படத்தைக் கொடுப்பார்கள். அதில் சில இடங்கள் வட்டமிட்டுக் காட்டப்பட்டிருக்கும். ஒரு குன்றின் உச்சி, ஓர் ஓடையின் வளைவு, ஒரு பாழ்ங்கிணறு என்று அவை பலவாறாக இருக்கும். இவற்றைப் பந்தயக்காரர்கள் 'செக்பாயிண்ட்' என்பர். நாம் குறியிடம் என்போம். குறியிடத்தில் ஒரு சிறு கொடியும், அட்டையில் துளையிடும் கருவியும் வைத்திருப்பார்கள். அங்கே சென்றதற்குச் சான்றாக அட்டையில் துளையிட்டுக்கொண்டு அடுத்த இடத்தைத் தேடிப் புறப்பட வேண்டும். துளைக் கருவிக்குப் பதிலாக மின்னணுக் கருவியை வைப்பதும் இப்பொழுது உண்டு. எவ்வழியே செல்வது என்பது அணியின் முடிவு.

நடையும் ஓட்டமும் ஒரு பகுதி. மலைச் சைக்கிள் ஒரு பகுதி. துடுப்புப் படகு ஒரு பகுதி. சில பந்தயங்களில் கயிற்றின் உதவியால் பாறையில் இறங்குவதும் சேர்ந்திருக்கும். ஒரு பகுதியை முடித்து அடுத்ததற்கு மாறும் இடத்தை மாற்றிடம் எனலாம். அங்கே காலணி மாற்றும்பொழுதும், உணவு கொள்ளும்பொழுதும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். பெரும்பாலான பந்தயங்களில் செயற்கைக்கோள் வழிகாட்டிக்கு அனுமதியில்லை. கைப்பேசியை உறையிலிட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். ஆபத்து நேர்ந்தால் மட்டுமே அதைத் திறக்கலாம்.

பெரிய பந்தயங்களில் அணிக்கு நால்வர். அந்நால்வருள் ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. சிறிய பந்தயங்களில் இருவர், மூவர் அணிகளும் உண்டு. அணியினர் ஒருவரைவிட்டு ஒருவர் ஐம்பது அல்லது நூறு மீட்டருக்கு மேல் விலகிச் செல்லலாகாது. எல்லாரும் சேர்ந்தே குறியிடத்தை அடைய வேண்டும். எல்லாரும் சேர்ந்தே எல்லையைத் தொட வேண்டும். ஒருவர் விலகினால் மற்ற மூவரும் எவ்வளவு விரைந்து வந்தாலும் தரவரிசையில் இடமில்லை. இவ்விதியே இவ்விளையாட்டின் உயிர். மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

கால அளவிலும் பல வகை உண்டு. மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் முடியும் குறும்பந்தயம், பன்னிரண்டு மணிப் பந்தயம், இருபத்துநான்கு மணிப் பந்தயம், பல நாட்கள் இரவு பகலாக நடக்கும் நெடும்பயணப் பந்தயம் என வரிசையாகச் சொல்லலாம். தொடங்குவோர்க்கு உரியது முதலாவது வகையே.

தோன்றிய வரலாறு

இவ்விளையாட்டின் தாயகம் நியூசிலாந்து என்று சொல்வது தவறாகாது. 1983-இல் ராபின் ஜட்கின்ஸ் என்பவர் அந்நாட்டின் தென்தீவில், மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரையில் ஒரு பந்தயத்தைத் தொடங்கினார். ஓட்டம், சைக்கிள், கயாக் எனப்படும் சிறு படகு ஆகிய மூன்றையும் கொண்டு 243 கிலோமீட்டரைக் கடக்க வேண்டும். பின்னர் 1989-இல், ஜெரார் பூசில் என்னும் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் அதே நியூசிலாந்தில் 'ரெய்டு கோலுவாஸ்' என்னும் பந்தயத்தை நடத்தினார். அணியாகச் செல்லுதல், அணியில் பெண் இருத்தல், நிலப்படத்தைக் கொண்டு வழி காணுதல் ஆகியவை அதனால் பரவின. 1995-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்க் பர்னெட் தொடங்கிய 'ஈக்கோ சேலஞ்சு' தொலைக்காட்சியின் வாயிலாக இவ்விளையாட்டை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

2019-இல் பிஜித் தீவுகளில் அப்பந்தயம் மீண்டும் நடந்தபொழுது, முப்பது நாடுகளிலிருந்து 66 அணிகள் கலந்துகொண்டன. தூரம் 671 கிலோமீட்டர். கொடுக்கப்பட்ட காலம் பதினொரு நாட்கள். அதில் இந்திய அணி ஒன்றும் இருந்தது. அதற்குத் தலைமை வகித்தவர்கள் டேராடூனைச் சேர்ந்த தாஷி மாலிக், நுங்ஷி மாலிக் என்னும் இரட்டைச் சகோதரியர். 2013-இல் இருவரும் ஒன்றாக எவரெஸ்ட் ஏறியவர்கள்.

நம் நாட்டிலும் இது முற்றிலும் புதியதன்று. புணேயை அடுத்த சகயாத்திரி மலைப்பகுதியில், மூவர் அணிகளுக்கென்று 'எண்டுரோ-3' என்னும் பந்தயம் பல ஆண்டுகள் நடைபெற்றிருக்கிறது. மலைநடை, சைக்கிள், நீரைக் கடத்தல் ஆகியவை அதில் அடங்கும்.

எங்கள் முதற் பந்தயம்

இனி எங்கள் கதைக்கு வருவோம். எங்கள் அணியில் கணக்குத் துறையைச் சேர்ந்த வங்காளி நண்பர் ஒருவர்; பஞ்சாபைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஒருவர்; கேரளத்திலிருந்து வந்து தில்லி மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியர் ஒருவர்; நான்காமவர் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் தமிழர். நால்வருள் வயதில் மூத்தவர் அத்தமிழரே.

பந்தயம் அரவல்லிக் குன்றுகளில் நடந்தது. ஆறு மணி நேரக் குறும்பந்தயம். முதலிரண்டு குறியிடங்களை எளிதில் கண்டோம். மூன்றாவதை நோக்கிச் செல்லும்பொழுது மூத்தவரின் குதிகாலில் எரிச்சல் கண்டது. காலுறைக்குள் மணல் புகுந்திருந்தது. நின்று, காலணியைக் கழற்றி, மணலைத் தட்டி, ஒட்டுப் பட்டை ஒன்றைப் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்திருக்கும். அவர் நிற்கவில்லை. 'இளையவர்கள் மூவரும் உற்சாகமாகப் போகும்பொழுது, நம்மால் தாமதம் ஏற்பட்டது என்ற பேச்சு வரலாகாது' என்று எண்ணி வாய் திறவாமல் நடந்தார். "எல்லாரும் நலந்தானா?" என்று ஆசிரியை இருமுறை கேட்டார். இருமுறையும் "நலமே" என்று பதில் சொன்னார்.

ஐந்தாவது குறியிடத்திற்கு அரை கிலோமீட்டர் இருக்கையில் அவரால் காலை ஊன்ற இயலவில்லை. காலணியைக் கழற்றியபொழுது குதிகாலின் தோல் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டமாக உரிந்திருந்தது. செவிலியர் அதற்குக் கட்டுப் போட்டார். மற்ற மூவரும் அவரை மாறி மாறித் தாங்கிக்கொண்டு வந்தனர். மாற்றிடத்தை அடைந்தபொழுது அதற்குரிய கெடு கடந்துவிட்டது. சைக்கிள்கள் தொடப்படாமல் சுவரில் சாய்ந்து நின்றன. நான்கு மாதப் பயிற்சி அவ்வளவில் முடிந்தது.

அங்கே அமர்ந்திருக்கையில் செவிலியர் சொன்னார்: "சேட்டா, நீங்கள் வலியைச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஐந்து நிமிஷம் நஷ்டம். சொல்லாததால் முழுப் பந்தயமும் நஷ்டம். நீங்கள் எங்களை நம்பவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்." வேறு யாரும் ஒன்றும் பேசவில்லை.

அந்த மூத்தவர் வேறு யாரும் அல்லர்; இவ்வுரையை எழுதும் நாமே.

கடைசியில் வருபவரின் வேகமே அணியின் வேகம். முதலில் செல்பவர் எவ்வளவு விரைந்தாலும் பயனில்லை. ஆகவே தேர்ந்த அணிகள் பலவீனத்தை மறைப்பதில்லை, அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவர் களைத்தால் அவருடைய பையை மற்றொருவர் வாங்கிக்கொள்கிறார். வலுவுள்ளவர் தம் இடுப்பில் நெகிழ்கயிறு ஒன்றைக் கட்டி, பின்னால் வருபவரை மேட்டில் மெல்ல இழுத்துச் செல்கிறார். சைக்கிளிலும் இவ்வாறே செய்கின்றனர். இதை எவரும் இழிவாக எண்ணுவதில்லை. காலையில் இழுத்தவர் மாலையில் இழுக்கப்படுவது இவ்விளையாட்டில் இயல்பு.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உலகறிந்தது. 2014-இல் ஈக்குவடோரில் நடந்த உலகப் போட்டியில், சுவீடன் அணித் தலைவர் மிக்கேல் லிண்ட்நூர்ட் தெருநாய் ஒன்றுக்கு இறைச்சி உருண்டை ஒன்றைக் கொடுத்தார். காயமுற்றிருந்த அந்நாய் அன்று முதல் அணியைப் பின்தொடர்ந்தது; காட்டிலும் சேற்றிலும் உடன் நடந்தது. படகுப் பகுதி வந்தபொழுது அதைக் கரையில் விட்டுச் செல்ல முயன்றனர். அது நீரில் குதித்துப் படகின் பின்னே நீந்தியது. லிண்ட்நூர்ட் அதைத் தூக்கிப் படகில் ஏற்றிக்கொண்டார். ஆர்தர் என்று பெயர் பெற்ற அந்நாய் பின்னர் சுவீடனுக்கே சென்று அவர் குடும்பத்தோடு வாழ்ந்தது. நொடிகளை எண்ணும் விளையாட்டில் இப்படியும் ஒரு காரியம் நடந்தது.

நிலப்படத்தைப் படித்தல்

இனிப் பயிற்சியைப் பற்றிக் கூறுவோம். புதியவர்கள் பொதுவாகக் கால் வலுவைப் பற்றியே கவலைப்படுகின்றனர். உண்மையில், முதலில் பழக வேண்டியது நிலப்படம். வழி தவறி இரண்டு கிலோமீட்டர் ஓடுபவரைவிட, சரியான வழியில் நடந்து செல்பவர் முன்னால் சேர்வார்.

நிலப்படம் நம்மவர்க்கு அந்நியமானதன்று. இந்திய நில அளவைத் துறை 1767-இல் நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் டேராடூனில் உள்ளது. நாடு முழுவதையும் முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பேரளவைக்கு முதற்கோடு இழுக்கப்பட்டது நம் சென்னைக்கு அருகில்தான். 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில், வில்லியம் லாம்டன் என்பவர் பரங்கிமலையிலிருந்து தெற்கு நோக்கிச் சுமார் ஏழரை மைல் நீளத்திற்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அங்கே தொடங்கிய அளவை இமயம் வரையில் சென்றது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 1856-இல் அறிவிக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியாகவே.

அத்துறையின் நிலப்படங்களுள் பழகுவதற்கு ஏற்றவை ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் அமைந்தவை. படத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். பழுப்பு நிறத்தில் வளைந்து செல்பவை சம உயரக் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே உயர வேறுபாடு பொதுவாக இருபது மீட்டர். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து; விலகியிருந்தால் சரிவு; மூடிய சிறு வட்டம் குன்றின் தலை. உயரத்தை நோக்கிக் கோடுகள் உள்வாங்கி வளைந்தால் அது பள்ளத்தாக்கு. தாழ்வை நோக்கிப் பிதுங்கினால் அது மலை முகடு. இந்த ஐந்தையும் கண் பழகிவிட்டால் படம் பேசத் தொடங்கிவிடும்.

அடுத்தது திசைகாட்டி. கண்ணாடி போன்ற அடித்தட்டில் பொருத்தப்பட்ட எளிய திசைகாட்டியே போதும். படத்தை மடித்து, நாம் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, படத்தின் வடக்கும் முள்ளின் வடக்கும் ஒன்றாகும்படி படத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நாம் திரும்பும்பொழுதெல்லாம் படமும் திரும்ப வேண்டும். நாம் நகர நகர விரலும் நகர வேண்டும். இது ஒன்றே வழி தவறுதலில் பாதியைத் தடுத்துவிடும். கைப்பேசி, சைக்கிள் கைப்பிடி போன்றவற்றின் அருகில் முள் பொய் சொல்லும் என்பதை மறக்கலாகாது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு நியூசிலாந்தில் இருபது பாகைக்கு மேற்பட்டது. அங்கே அதைத் திருத்திக்கொள்ளாதவர் வேறு மலைக்குப் போய்ச் சேர்வார். இந்தியாவின் பெரும்பகுதியில் அது மிகச் சிறியது. தொடங்குவோர் அதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

நேர விஷயத்தில், 1892-இல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறுநர் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி. ஏறும் ஒவ்வொரு அறுநூறு மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. குறியிடத்திற்கு இரண்டு வழிகள் இருப்பதாகக் கொள்வோம். நேர்வழி படத்தில் பத்து சென்டிமீட்டர். ஆனால் ஏறும் பக்கத்தில் பதினைந்து கோடுகளைக் கடக்க வேண்டும். அதாவது ஐந்து கிலோமீட்டரும் முந்நூறு மீட்டர் ஏற்றமும். ஒன்றரை மணி ஆகும். சுற்றுவழி சமதரையில் எட்டு கிலோமீட்டர். சற்றேறக்குறைய ஒரு மணி முப்பத்தாறு நிமிஷம். ஆறு நிமிஷ வேறுபாட்டுக்காகப் புதரிலும் பாறையிலும் புகுவதைவிட, தெளிவான தடத்தில் சுற்றிச் செல்வதே புதியவர்க்கு அறிவுடைமை.

இதைப் பழக மலைக்கே போக வேண்டும் என்பதில்லை. தில்லியில் சஞ்சய் வனம், பெங்களூரில் கப்பன் பூங்கா, புணேயில் வேத்தாள் குன்று என்று அவரவர் நகரில் இடமுண்டு. ஒருவர் முதல்நாள் சென்று பத்து மரங்களில் சிறு நாடாக்களைக் கட்டிப் படத்தில் குறித்து வரட்டும். மற்றவர்கள் மறுநாள் சென்று அவற்றைக் கண்டுபிடிக்கட்டும். முடிந்தபின் நாடாக்களை அவிழ்த்துவிட வேண்டும். குழந்தைகள் இதில் நம்மைவிட விரைவில் தேர்ச்சி பெறுவார்கள். வனத்துறைக்கு உரிய இடங்களில் முன் அனுமதி பெற்றே செல்ல வேண்டும்.

காலும் சக்கரமும் துடுப்பும்

உடற்பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரங்கள் போதும். நாற்பதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவை உள்ளவர்களும் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

முதல் நான்கு வாரங்கள் வாரத்தில் மூன்று நாட்கள் நாற்பது நிமிஷம் நடையும் மெல்லோட்டமும் கலந்து செய்யலாம். ஓடும்பொழுது பக்கத்திலிருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேர நடை. அடுத்த நான்கு வாரங்களில் வார நாட்களில் ஒன்றைச் சைக்கிளுக்கு ஒதுக்கி, ஞாயிறு நடையை மூன்று மணியாக்கலாம். கடைசி நான்கு வாரங்களில் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும்: இரண்டு மணி சைக்கிள், இறங்கியவுடன் ஒரு மணி நடை. சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் பிறருடையவை போல் தோன்றும். அந்த உணர்ச்சி பழகிப்போக வேண்டும். பந்தயத்திற்கு முந்திய வாரம் ஓய்வு.

சைக்கிளைப் பொறுத்தவரை, ஓட்டத் தெரிந்தால் போதாது. பஞ்சர் ஒட்டவும், டியூபை மாற்றவும், அறுந்த சங்கிலியை இணைக்கவும் தெரிய வேண்டும். தில்லியைச் சுற்றியுள்ள குன்றுகளில் வளர்ந்திருப்பது பெரும்பாலும் 'விலாயத்தி கீக்கர்'. அது வேறொன்றுமன்று, நம் ஊர்ச் சீமைக்கருவேலந்தான். அதன் முள்ளைப் பற்றி நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஆளுக்கு ஒரு டியூப் கூடுதலாகக் கொண்டுசெல்க.

படகு பலருக்கும் புதிது. நீந்தத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உயிர்காப்புச் சட்டையின்றி நீரில் இறங்கலாகாது. நீச்சல் அறியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொள்வதே முறை. துடுப்பைக் கையால் மட்டும் இழுத்தால் அரைமணியில் தோள் ஓய்ந்துவிடும். இடுப்பைத் திருப்பி உடலால் இழுக்க வேண்டும். இருவர் படகில் முன்னவர் தாளத்தை நிர்ணயிப்பார். பின்னவர் அதைப் பின்பற்றித் திசையைக் காப்பார். ஏரிகளில் படகு கற்பிக்கும் சங்கங்கள் பல நகரங்களில் உள்ளன. கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் அதற்குப் பெயர் பெற்றது. கயிற்றிலும் பாறையிலும் முறையாகப் பயில விரும்புவோர்க்கு டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி ஆகிய இடங்களில் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன.

உணவும் உடைமையும்

பசி வந்தபின் உண்பதும், தாகம் முற்றியபின் குடிப்பதும் பந்தயத்திற்கு ஒவ்வா. நீண்ட உழைப்பில் மணிக்கு முப்பது முதல் அறுபது கிராம் மாவுச்சத்து உடலுக்கு வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் இருபத்தைந்து கிராம் உள்ளது. விலையுயர்ந்த அயல்நாட்டுப் பொட்டலங்களைத் தேட வேண்டுவதில்லை. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்பிட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவை போதும். எங்கள் அணியில் பெரும் புகழ் பெற்றது வாழையிலையில் உருட்டிக் கட்டிய புளியோதரை. பிரயாணத்துக்கென்றே நம் முன்னோர் கண்ட உணவு அது. புளிப்பும் உப்பும் வெயிலில் நாவுக்கு இதமாக இருக்கின்றன. எதுவாயினும் பயிற்சியில் உண்டு பழகியதையே பந்தயத்தில் உண்ண வேண்டும்.

வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் தீங்கு. வியர்வையில் உப்பு வெளியேறிக்கொண்டிருக்கும்பொழுது அவ்வாறு குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து தலைவலி, வாந்தி, மயக்கம் உண்டாகக்கூடும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு நீரில் கலந்து இடையிடையே அருந்துவது நல்லது.

முதற் பந்தயத்திற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டாம். சைக்கிளை வாடகைக்கு எடுக்கலாம். படகைப் பெரும்பாலும் நடத்துபவர்களே தருவார்கள். காலணி ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. ஏற்கெனவே அணிந்து பழகிய காலணியாக அது இருக்க வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தைத் தேக்கிக் கொப்புளத்தை வளர்க்கும். விரைவில் உலரும் செயற்கை இழைக் காலுறையே ஏற்றது. பையில் திசைகாட்டி, ஊதல், தலைவிளக்கு, மெல்லிய மழைச்சட்டை, ஒட்டுப் பட்டையும் கட்டுத் துணியும் கொண்ட முதலுதவிப் பொட்டலம், இரண்டு லிட்டர் நீர் ஆகியவை இருந்தால் குறும்பந்தயத்திற்குப் போதும்.

நிறுத்த வேண்டிய இடம்

சாகசம் என்ற சொல் சிலரை மயக்கிவிடுகிறது. ஆபத்தைத் தேடிச் செல்வது சாகசமன்று. வட இந்தியச் சமவெளியில் பந்தயத்திற்கும் பயிற்சிக்கும் ஏற்ற காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடையில் விடியற்காலை தவிர வேறு வேளை ஆகாது. வெயிலில் ஒருவருக்குப் பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குப் பொருத்தமற்ற பதில் வந்தாலோ, அக்கணமே பந்தயம் முடிந்தது என்று கொள்ள வேண்டும். நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து, விசிறி, விரைவில் குளிரச் செய்து மருத்துவ உதவியை நாட வேண்டும். இடி முழங்கினால் உச்சியையும் தனி மரத்தையும் விட்டு இறங்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் முழங்காலுக்கு மேல் விரைந்தோடும் ஓடையைக் கடக்க முயலலாகாது.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது, சொல்லும் பழக்கம். எங்கள் அணியில் இப்பொழுது ஒரு விதி உண்டு. அரைமணிக்கு ஒருமுறை நால்வரும் நின்று, தலைக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "நலமே" என்ற சொல்லுக்கு அனுமதியில்லை. "வலது முழங்கால் பிடிக்கிறது", "நீர் தீர்ந்துவிட்டது", "எனக்குச் சினம் வருகிறது", "இப்பொழுது வலுவாக இருக்கிறேன், பையைக் கொடுங்கள்" என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு நிமிஷந்தான் ஆகிறது.

நான்கு தாய்மொழிகள் கொண்ட அணியில் நாங்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் முதலில் கற்ற சொல் ஒன்றே. வங்காளி நண்பர் அதை "ஆஸ்தே" என்பார். பஞ்சாபி ஆசிரியை "ஹௌளி ஹௌளி" என்பார். செவிலியர் "பதுக்கெ" என்பார். நாம் "மெல்ல" என்போம். பிற்பகல் மூன்று மணிக்கு, குன்றின் பாதியில், யார் எந்த மொழியில் அதைச் சொன்னாலும் நால்வரும் நடையைத் தளர்த்திவிடுகிறோம். அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் சொற்களைப் பெயர்த்துவரும் நமக்கு, இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொள்ளப்பட்ட சொல் வேறொன்று நினைவில் இல்லை.

அடுத்த ஆண்டு அதே குன்றுகளில் மீண்டும் கலந்துகொண்டோம். இம்முறை இரண்டாவது கிலோமீட்டரிலேயே குதிகாலில் எரிச்சல் கண்டது. "மெல்ல, கால் எரிகிறது" என்றோம். அணி நின்றது. செவிலியர் பட்டை ஒட்டினார். ஆசிரியை நம் பையை வாங்கிக்கொண்டார். கெடுவுக்குப் பத்து நிமிஷம் முன்னதாக நால்வரும் எல்லையைத் தொட்டோம். கடைசியிலிருந்து மூன்றாவது இடம். அந்த மாலையில் உண்ட புளியோதரைக்கு ஈடான விருந்தை நாம் உண்டதில்லை.

நேயர்களே! உங்கள் அலுவலகத்திலும், குடியிருப்பிலும் உங்களைப் போலவே ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிக்கொண்டிருப்பவர் மூவர் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுள் வலுவுள்ளவரைத் தேடாதீர்கள். களைப்பை மறைக்காமல் சொல்லக்கூடியவரைத் தேடுங்கள். ஒரு நிலப்படமும் ஒரு திசைகாட்டியும் வாங்குங்கள். வருகிற ஞாயிறு பூங்காவைச் சுற்றுவதை விட்டு, அதன் குறுக்கே நடந்து பாருங்கள்.